மேடையும் ஆடுகளமும்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பழகிய நமக்கு, இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள அந்நகரின் பெயர் பஞ்சாலைகளையே நினைவூட்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாலைகள் மூடப்பட்டன, பண்டகசாலைகள் வெறிச்சோடின, வேலையற்ற இளைஞர் பெருகினர். தனித்தனியே வளர்ந்த இரண்டு இசை வழிகள் அந்நகரில் ஒன்றாய்க் கலந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, ராக் இசை. கிட்டாரும் டிரம்மும் கொண்ட குழுவினர் மேடையில் நின்று பாடுவர். கூடியிருப்போர் அவர்களை நோக்கி நிற்பர். இரண்டாவது, 1980-களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், கறுப்பின இளைஞர் ஆடிய விடுதிகளில் தோன்றிய 'ஹௌஸ்' என்னும் நடன இசை. மின்னணு யந்திரங்கள் எழுப்பும் மாறாத தாளமே இதற்கு உயிர். இசைத்தட்டுகளை இடைவெளி தோன்றாமல் இணைத்து ஒலிக்கச் செய்யும் 'டி.ஜே.' ஒரு மூலையில் நிற்பார். ஆடுவோரே அங்கு நடுநாயகம். இத்தகைய இசைக்கு விடிய விடிய ஆடிய கூட்டங்கள் பிரிட்டனில் 'ரேவ்' எனப் பெயர் பெற்றன.

1982-ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில் 'ஹசியெண்டா' என்ற இரவு விடுதி திறக்கப்பட்டது. முதலிட்டோர் 'ஃபாக்டரி' இசைத்தட்டு நிறுவனத்தாரும், அதனைச் சார்ந்த 'நியூ ஆர்டர்' என்ற குழுவினருமாவர். முன்பு உல்லாசப் படகுகள் விற்ற கூடமே விடுதியாயிற்று. தொடக்கத்தில் பல இரவுகளில் அங்கே கூட்டமில்லை. அக்குழுவினரின் இசைத்தட்டு வருவாயே நஷ்டத்தைத் தாங்கிற்று. ஆயினும், நடன விடுதிகளில் கேட்ட தாளத்தை அவர்கள் தம் பாட்டில் ஏற்றனர். 1983-இல் வெளிவந்த அவர்களது 'புளூ மண்டே' என்ற 12 அங்குல இசைத்தட்டில், டிரம் வாசிக்கும் வேலையை யந்திரம் மேற்கொண்டது.

1986 அளவில் மைக் பிக்கரிங் முதலிய டி.ஜே.க்கள் ஹௌஸ் இசையை ஹசியெண்டாவில் ஒலிக்கச் செய்தனர். 1988 கோடையில் விடுதி நிரம்பி வழிந்தது. ராக் ரசிகரும் நடன ரசிகரும் ஒரே தளத்தில் ஆடினர். அவர்களிடையே ஆடிப் பழகிய இசைக்குழுவினர், தம் பாட்டுக்கும் கூட்டம் ஆட வேண்டும் என்று விரும்பியது இயல்பே. 'ஹாப்பி மண்டேஸ்' குழுவில் 'பெஸ்' என்பாருக்கு மேடையில் ஆடுவதே பிரதான வேலை. 'ஸ்டோன் ரோஸஸ்' குழு 1989 நவம்பரில் வெளியிட்ட 'ஃபூல்ஸ் கோல்டு', ஏறக்குறைய 10 நிமிடம் ஒரே தாளச் சுற்றின்மீது ஓடுவது. அம்மாதம் 23-ஆம் தேதி இவ்விரு குழுக்களும் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஒருசேரத் தோன்றியபோது, நாடே இப்புதுமையைக் கண்டது. 1990-இல், 'பிரைமல் ஸ்கிரீம்' என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் பழைய பாட்டொன்றை ஆண்ட்ரூ வெதரால் என்ற டி.ஜே. பிரித்து மறுபடி கோத்து, 'லோடட்' என்ற புதுப் பாட்டாக்கினார். அப்பாட்டு இடம்பெற்ற 'ஸ்கிரீமடெலிகா' தொகுப்புக்கு, 1992-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட மெர்க்குரி பரிசு கிடைத்தது.

இக்களிப்புக்குக் கொடுத்த விலையையும் மறைத்தல் கூடாது. 'எக்ஸ்டஸி' என்னும் போதை மாத்திரை இவ்விசையோடு பரவிற்று. 1989-இல் ஹசியெண்டாவில் அம்மாத்திரையை உட்கொண்ட இளம்பெண் ஒருத்தி உயிரிழந்தாள். மாத்திரை உண்டவர் மதுவை நாடாது தண்ணீரையே பருகினராதலின், கூட்டம் பெருகியும் விடுதியின் வருமானம் பெருகவில்லை. மாத்திரை வாணிபத்தைக் கைப்பற்றப் போட்டியிட்ட கும்பல்கள் வாயிலிலேயே அடிதடியில் இறங்கின. 1992-இல் ஃபாக்டரி நிறுவனம் திவாலாயிற்று. 1994-இல் ரேவ் கூட்டங்களைக் கலைக்கப் போலீசாருக்கு அதிகாரமளிக்கும் சட்டம் பிறந்தது. 1997-இல் ஹசியெண்டா மூடப்பட்டது, 2002-இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

கட்டடம் மறைந்தது, வழக்கம் நிலைத்தது. ராக் குழுவினர் தம் பாட்டை டி.ஜே.யிடம் கொடுத்து நடனத்துக்கேற்ப மாற்றி அமைப்பது இன்று எவருக்கும் வியப்பன்று. இம்மாறுதலுக்கு உரியவர் யாவர் எனக் கேட்பின், இசைக்குழுவினரையும் டி.ஜே.க்களையும் மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. மேடையை நோக்கி நிற்காமல், ஒருவரை ஒருவர் நோக்கி ஆடத் தொடங்கிய பெயரறியா இளைஞரையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.