பன்னிரண்டு துண்டு உலகம்

1492. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம். போர்த்துகலில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊருக்கு வந்திருந்த மார்ட்டின் பெஹைம் என்ற வணிகர், நகர மன்றத்தாரைப் பேசிச் சம்மதிக்கவைத்து ஒரு விசித்திரமான வேலையைத் தொடங்கினார். துணியை அடுக்கடுக்காக ஒட்டி, அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து செய்யப்பட்டது. அதன்மேல் கியோர்க் க்ளோக்கென்டோன் என்ற ஓவியர் கடல்களையும் தீவுகளையும், கூடாரத்தில் வீற்றிருக்கும் அரசர்களையும் வண்ணத்தில் தீட்டினார். ஐரோப்பாவின் மேற்குக் கரையை விட்டால் விரிந்த கடல். கடலைத் தாண்டினால் ஜப்பான். நடுவே கண்டம் என்று ஒன்றுமே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு மேற்கே புறப்பட்டிருந்தார்.

அவர் திரும்பி வந்து சொன்ன செய்தி, வண்ணம் புதிதாக இருந்தபோதே அந்தப் பந்தைப் பழசாக்கிவிட்டது. ஆனால் பந்தின் உண்மையான குறை வேறு. அது ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று வேண்டுமானால் ஓவியர் முதல் கோட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அச்சு இயந்திரம் பிறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் அச்சாகி வந்தன. ஆனால் அச்சு இயந்திரத்துக்குத் தட்டையான தாள்தான் தெரியும். உருண்டையான ஒன்றை அதற்குள் நுழைப்பது எப்படி?

விடை வந்தது பெரிய துறைமுகத்திலிருந்தோ அரச சபையிலிருந்தோ அல்ல. கடலே எட்டாத லொரேன் நாட்டின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து. சான்-டியே என்ற அந்த ஊரில், கோத்தியே லூட் என்ற பாதிரியாரைச் சுற்றி ஒரு சிறிய அறிஞர் குழு கூடியிருந்தது. படம் வரைவதில் வல்லவர் மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர். கவிதையும் கிரேக்கமும் கைவந்தவர் மத்தியாஸ் ரிங்மான். இருவரும் கடல் தாண்டி எங்கும் போனவர்கள் அல்லர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தாலமியுடைய புவியியல் நூலைத் திருத்திப் பதிப்பிப்பதுதான் அவர்களுடைய திட்டம். அந்த வேளையில் அமெரிகோ வெஸ்பூச்சியின் பயணங்களை விவரிக்கும் ஒரு கடிதமும், போர்த்துகீசிய மாலுமிகளின் கணிப்புகளைக் கொண்ட ஒரு கடல் வரைபடமும் அவர்கள் கைக்குக் கிடைத்தன. தாலமி காத்திருக்கலாம் என்று முடிவாயிற்று.

1507 ஏப்ரலில் அவர்களுடைய சிறுநூல் ஒன்று வெளியானது. அதனுடன் சேர்ந்தவை இரண்டு படங்கள். ஒன்று பன்னிரண்டு பெரிய தாள்களைச் சேர்த்து மாட்ட வேண்டிய பிரம்மாண்டமான சுவர்ப்படம். மற்றது ஏறத்தாழ 24-க்கு 38 சென்டிமீட்டர் அளவில் ஒற்றைத் தாள். அதில் நடுவில் அகன்று, மேலும் கீழும் ஊசிமுனையாகக் குறுகும் பன்னிரண்டு வடிவங்கள் வரிசையாக நின்றன. உரித்து அடுக்கிய ஆரஞ்சுச் சுளைகள் போன்ற அந்தத் துண்டுகளில் ஆப்பிரிக்கா ஒரு பக்கம் வெட்டுப்பட்டும், ஆசியா பல துண்டுகளில் சிதறியும் கிடந்தன. பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று எவருக்கும் புரிந்திருக்காது.

சூட்சுமம் அந்த வடிவத்தில்தான் இருந்தது. கோளத்தின் தோலைக் கசங்காமல் தட்டையாக்க முடியாது. தட்டையான தாளைச் சுருக்கமில்லாமல் கோளத்தின்மேல் போர்த்தவும் முடியாது. ஆனால் கோளத்தை முப்பது பாகை அகலத்தில் பன்னிரண்டு கீற்றுகளாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொரு கீற்றும் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் சிறிய வளைவைப் பசையில் நனைந்த காகிதம் இழுபட்டுச் சமாளித்துக்கொள்ளும். மரக்கட்டையில் ஒருமுறை செதுக்கினால் போதும். எத்தனை தாள் வேண்டுமானாலும் அச்சிடலாம். வாங்கியவர் கத்தரித்து, ஒரு சிறிய பந்தின்மேல் ஒட்ட வேண்டியதுதான். தலைமையாசிரியர் மேசையில் சாய்ந்த அச்சில் சுழலும் உலக உருண்டை, அச்சில் பிறந்தது இப்படித்தான். இன்று நமக்குத் தெரிந்தவரை அந்த ஒற்றைத் தாளே அதன் முதல் வடிவம். அந்தத் துண்டுகளின் தெற்குப் பகுதியில், புதிதாகத் தெரியவந்த நிலத்தின்மேல், அதற்குமுன் எந்தப் படத்திலும் இல்லாத ஒரு பெயரும் அச்சாகியிருந்தது: அமெரிக்கா.

பெயரைச் சூட்டியவரே பிறகு தயங்கினார் என்பதுதான் வேடிக்கையான திருப்பம். கொலம்பஸ் 1506-லேயே இறந்துவிட்டார். வாதாட அவர் இல்லை. ரிங்மான் 1511-இல் மறைந்தார். 1513-இல் தாலமி பதிப்பு ஒருவழியாக வெளிவந்தபோது வால்ட்ஸேமுல்லர் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, அறியாத நிலம் என்று மட்டும் போட்டார். ஆனால் அச்சான தாள்களைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது. 1515-இல் யோஹான்னஸ் ஷோனர் என்ற கணித அறிஞர் செய்த உருண்டையில் அமெரிக்கா இருந்தது. 1538-இல் மெர்காட்டர் வடக்கு, தெற்கு இரண்டு கண்டங்களுக்கும் அதே பெயரை நீட்டினார். பெயர் நிலைத்தது, அதைப் பெற்றெடுத்த தாள்கள் காணாமல் போயின.

போகாமல் எப்படி இருக்கும்? சுவர்ப்படம் புகையிலும் ஈரத்திலும் கிழிந்தது. சிறிய தாளின் விதி அதைவிடக் கொடியது. அது எதற்காக அச்சானதோ அதற்குப் பயன்பட்ட ஒவ்வொரு பிரதியும் வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, கைபட்டுத் தேய்ந்து குப்பைக்குப் போயிற்று. அதிலிருந்து செய்த ஓர் உருண்டைகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. யாரோ சோம்பலில் ஒட்டாமல் விட்டதும், புத்தகத்துக்குள் மறந்துபோய்ச் செருகிவைத்ததும்தான் பிழைத்தன.

பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இல்லையென்றால் அவையும் வெளிச்சத்துக்கு வந்திரா. வியன்னாவில் ஹவுஸ்லாப் என்ற படைத்தளபதி சேர்த்த வரைபடங்களுக்குள் ஒரு பிரதி இருந்தது. அது லீக்டென்ஸ்டைன் இளவரசர்களின் சேகரிப்புக்குப் போய், 1954-இல் ஜேம்ஸ் ஃபோர்ட் பெல் வாங்கியதால் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தை அடைந்தது. 1901-இல் வோல்ஃபெக் கோட்டை நூலகத்தைத் துழாவிக்கொண்டிருந்த யோசெஃப் ஃபிஷர் என்ற இயேசு சபைப் பாதிரியார், ஷோனர் கட்டிவைத்திருந்த ஒரு தொகுப்பைத் திறந்தார். உள்ளே முழுச் சுவர்ப்படம்! 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதற்கு ஒரு கோடி டாலர் கொடுத்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த ஐரோப்பியர் ஒருவருக்கு, தம்மிடமுள்ள ஒரு பழைய காகிதம் நினைவுக்கு வந்தது.

அதில் பன்னிரண்டு துண்டுகள் இருந்தன. 2005 ஜூன் 8-ஆம் தேதி லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதை 5,45,600 பவுண்டுக்கு எடுத்தது சார்ல்ஸ் ஃப்ராட்ஷம் என்ற கடிகார நிறுவனம். ஒட்டாமல் விட்ட ஒரு தாளின் விலை ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். அத்தனை பணம் புழங்கும் இடத்துக்கு வேறு சிலரும் வராமல் இருப்பார்களா?

2017 டிசம்பரில் அதே கிறிஸ்டீஸ் இன்னொரு பிரதியை அறிவித்தது. எதிர்பார்த்த விலை ஆறு முதல் ஒன்பது லட்சம் பவுண்டு. ஏலத்துக்குச் சில நாள் முன்பு, பழைய வரைபடங்களை விற்கும் வணிகர்களும் ஆய்வாளர்களும் மினசோட்டா பிரதியின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அங்கே காகிதம் சேதப்பட்டிருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இங்கே காகிதத்தில் சேதமில்லை. ஆனால் அதே இடத்தில் அச்சு விட்டுப்போயிருந்தது. ஒரு பிரதியின் காயம் இன்னொன்றில் அச்சாக வருவதற்கு, நகலெடுத்தது தவிர வேறு காரணம் இருக்க முடியாது. தாள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் கூர்மையான கண்களுக்குச் சேகரிப்பாளர் உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

சந்தேகம் அத்தோடு நிற்கவில்லை. மியூனிக்கிலுள்ள பவேரிய அரசு நூலகம் 1990-இல் வாங்கிப் பெருமையோடு வைத்திருந்த தன் பிரதியை ஆய்வகத்துக்கு அனுப்பியது. 2018-இல், அதுவும் போலி என்று நூலகமே அறிவித்தது. அந்த நூலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் மியூனிக் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. அங்கே 2012-இல், எவரும் எடுத்துப் பார்க்காத இரண்டு வடிவியல் நூல்களுக்கு நடுவே, யாருமே தேடாத ஒரு தாள் அகப்பட்டிருந்தது. மற்றப் பிரதிகளிலிருந்து சிறு வேறுபாடுகளோடு, தனியாகச் செதுக்கிய மரக்கட்டையில் அச்சான பன்னிரண்டு துண்டுகள். அதையும் யாரோ ஒட்டாமலே விட்டிருந்தார்கள்.