முதலாம் வினா: வாழ்வின் நோக்கம் குறித்து மூன்று ஞானோபதேசங்கள்

மனிதன் எதற்காக வாழ்கிறான் என்னும் வினா தத்துவ அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. திருச்சபை அதனைச் சிறுவர்க்குரிய வினாவாகவே கருதி, ஞானோபதேச நூலின் முதற்பக்கத்தில் வைத்த காலம் உண்டு. சீர்திருத்த மரபில் தோன்றிய ஜெனீவா, ஹைடல்பர்க், வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடைகள் மூன்றும் வாழ்வின் பொருளை முன்வைத்தே தொடங்குகின்றன. எல்லா ஞானோபதேசங்களும் இவ்வாறு தொடங்குவதில்லை. 1529-இல் லுத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளில் தொடங்குகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதனைத் தமிழாக்கினார். எனவே நம்மில் பலர்க்கு அம்முறையே பழக்கமானது.

மற்ற மூன்று நூல்களின் முதல் வினாவை நாம் இங்கு ஆராய்வதற்கு ஆயர் பணி சார்ந்த காரணம் ஒன்று உண்டு. வாழ்வின் நோக்கம் என்றவுடன் இக்காலத்தவர் மனத்தில் எழுவது, தாம் எதைச் சாதிக்கப் போகிறோம் என்பதே. வாலிபர் கூட்டங்களில் நம் அருளுரைகளும் பல வேளைகளில் இவ்வெண்ணத்திற்கே திருமறை வசனங்களைத் துணையாக்குகின்றன. இது உண்மையாயின், பக்கவாதத்தால் படுக்கையிற் கிடப்பவரும், நினைவிழந்த முதியவரும், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையும் நோக்கமற்ற வாழ்வினராவர். அவர்களுடைய வீட்டிற்கு நற்கருணை எடுத்துச் செல்லும் ஆயர் அங்கு எதைச் சொல்லக்கூடும்? இவ்வினாவை மனத்திற்கொண்டு வரலாற்றை நோக்குவோம்.

1. ஜெனீவா: கடவுளை அறிதல்

1538-இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கால்வின், 1541-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்நகரத்தாரின் அழைப்பின்பேரில் திரும்பினார். திரும்பியவுடன் அவர் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று பிரெஞ்சு மொழியில் ஞானோபதேசம் எழுதுவது. அதன் இலத்தீன் பதிப்பு 1545-இல் வெளிவந்தது. ஞானோபதேசமும் சபையொழுங்கும் இன்றித் தாம் அப்பணியை ஏற்றிருக்க இயலாது என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார்.

மனித வாழ்வின் தலையாய நோக்கம் யாது என்பதே இந்நூலின் முதல் வினா. தன்னைப் படைத்த கடவுளை அறிவதே நோக்கம் என்பது விடையின் சாரம். அவ்வறிவு இல்லாவிடில் மனிதநிலை விலங்கின் நிலையினும் இரங்கத்தக்கது என்று கால்வின் மேலும் கூறுகிறார். ஆனால் அவர் கருதியது ஏட்டறிவு அன்று. கடவுளிடம் முழு நம்பிக்கை வைத்தல், அவர் சித்தத்திற்குக் கீழ்ப்படிதல், எல்லாத் தேவைகளிலும் அவரை நோக்கிக் கூப்பிடுதல், எல்லா நன்மையும் அவரிடமிருந்தே வருகிறது என அறிக்கையிடுதல் ஆகிய நான்குமே அவரை மேன்மைப்படுத்தும் வழி என்று விளக்குகிறார். விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், அருட்சாதனங்கள் என்னும் நூற்பகுதிகள் இந்நான்கினின்றே விரிகின்றன.

எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. நோக்கம் அறிதலே எனின், அறியும் ஆற்றலை இழந்தவர் நிலை என்ன?

2. ஹைடல்பர்க்: கிறிஸ்துவுக்கு உரியவராதல்

ஜெர்மானியப் பலாத்தினேத்து நாட்டின் தலைநகராகிய ஹைடல்பர்க், 1559-இல் திருவிருந்து பற்றிய பூசலால் பிளவுண்டது. அதில் கடுமையாக மோதிக்கொண்ட போதகர் இருவரையும் ஆட்சியாளர் மூன்றாம் பிரெடெரிக்கு பதவி நீக்கினார். பின்னர், மக்களும் பள்ளிச் சிறுவரும் ஒரே போதனையில் பயிலும் பொருட்டு ஞானோபதேசம் ஒன்றை இயற்றச் செய்தார். அப்பணியில் முதன்மையான பங்கு கொண்ட சகரியா உர்சீனு அன்று முப்பது வயதும் நிரம்பாதவர். 1563-இல் வெளிவந்த இந்நூலின் 129 வினாக்களும் ஓராண்டின் 52 ஞாயிறுகளுக்கு வகுக்கப்பட்டன.

இங்கு முதல் வினா திசை மாறுகிறது. நோக்கம் யாது எனக் கேளாமல், வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் யாது என்று அது கேட்கிறது. 'மனிதன்' என்னும் பொதுச்சொல் போய், 'உன்', 'என்' என்னும் சொற்கள் வருகின்றன. விடை, பவுல் அடியார் ரோமர் 14:7-9-இலும் 1 கொரிந்தியர் 6:19-20-இலும் கற்பிப்பதன் தொகுப்பு: நான் எனக்கு உரியவன் அல்லேன், உடலிலும் ஆன்மாவிலும் கிறிஸ்துவுக்கு உரியவன்.

சாவையும் உள்ளடக்கிய விடை இது என்பதைக் கவனித்தல் வேண்டும். சாகிறவன் எதையும் சாதிப்பதில்லை. எனினும் அவன் ஒருவருக்கு உரியவனாகவே சாகிறான். செய்ய வேண்டியவற்றை இந்நூல் புறக்கணிக்கவில்லை. பத்துக் கட்டளைகளையும் ஜெபத்தையும் மூன்றாம் பகுதியில் நன்றியறிதல் என்னும் தலைப்பில் வைக்கிறது. உரிமையுறவு முதலில், செயல் அதன் பின்னர் என்பதே அதன் வரிசை. 1576-இல் பிரெடெரிக்கு மறைந்தபின் கொள்கை மாறியதால் உர்சீனு தம் பதவியை இழந்தார். ஆறுதலைக் கற்பித்த ஆசிரியருக்கே அவ்வாறுதல் தேவைப்பட்டது.

3. வெஸ்ட்மின்ஸ்டர்: மகிமையும் மகிழ்ச்சியும்

இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்த வேளையில், 1643-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை கூடியது. 121 இறையியலாரும் பாராளுமன்றத்தார் 30 பேரும் அதற்கு நியமிக்கப்பட்டனர். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரதிநிதிகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். தேர்ந்தோர்க்கு விரிவான வினாவிடையும், தொடக்க நிலையினர்க்கு 107 வினாக்கள் கொண்ட சுருக்க வினாவிடையும் இயற்றப்பட்டன. சுருக்க வினாவிடை 1647-இல் முடிவுற்றது. திருமறை ஆதாரங்களைச் சேர்க்குமாறு பொதுமக்கள் சபை பணித்ததால், 1648-இல் அவை இணைக்கப்பட்டன.

இதன் முதல் வினா ஜெனீவாவின் வினாவே. விடையோ இரண்டு வினைகளை இணைக்கிறது: கடவுளை மகிமைப்படுத்துதல், அவரில் என்றென்றும் களிகூர்தல். வினைகள் இரண்டாயினும் நோக்கம் ஒன்றே என ஒருமையில் கூறப்படுவது கருதத்தக்கது. முதலாவதற்கு 1 கொரிந்தியர் 10:31-உம் ரோமர் 11:36-உம் ஆதாரமாயின. களிகூர்தலுக்கு அவர்கள் காட்டிய ஆதாரம் 73-ஆம் சங்கீதத்தின் இறுதிப்பகுதி.

அச்சங்கீதத்தை முழுமையாக வாசிப்போர் வியப்புறுவர். அது நலமாய் வாழ்ந்தவனின் பாடலன்று. துன்மார்க்கரின் செழிப்பைக் கண்டு பொறாமையுற்று, தன் தூய்மை வீணாயிற்றோ என்று ஐயுற்று, கால்கள் சறுக்கும் நிலைக்கு வந்தவனின் அறிக்கை அது. கடவுளின் பரிசுத்த ஸ்தலத்திற்குள் சென்றபோதே அவன் தெளிவுற்றான். தான் அறிவற்று விலங்கைப்போல் இருந்ததாக அவன் ஒப்புக்கொள்கிறான். கால்வின் அஞ்சிய நிலை இதுவே அன்றோ! ஆயினும் அந்நிலையிலும் கடவுள் தன் வலக்கரத்தைப் பிடித்திருந்தார் என்பதை அவன் காண்கிறான். உடலும் உள்ளமும் சோர்ந்து போயினும் கடவுளே தன் பங்கு என்கிறான். பவுலும் கலாத்தியர் 4:9-இல், கடவுளை அறிந்திருக்கிறீர்கள் எனத் தொடங்கி, அவரால் அறியப்பட்டிருக்கிறீர்கள் எனத் தம் சொல்லைத் திருத்திக்கொள்கிறார். ஜெனீவா விட்டுச்சென்ற இடர்ப்பாட்டிற்குத் திருமறை தரும் மறுமொழி இதுவே: நாம் அறிவதற்கு முன்னரும், அறிவு மங்கிய பின்னரும், நாம் அறியப்பட்டிருக்கிறோம்.

பேரவையினரின் பின்வரலாறும் இதற்கு விளக்கம் போன்றது. அவர்கள் நாடிய சபையமைப்பு இங்கிலாந்தில் நிலைபெறவில்லை. முதல் தலைவர் வில்லியம் துவிசு 1646-இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1661-இல் அரசாணையின்படி அவருடைய உடல் தோண்டி அகற்றப்பட்டது. 1662-ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தையொட்டி ஏறத்தாழ 2000 போதகர் பணியிழந்தனர். சாதனையே அளவுகோலாயின், அவர்கள் தோற்றவரே. ஆனால் அவர்கள் எழுதிய முதல் விடை அந்த அளவுகோலை ஏற்கவில்லை.

4. நம் பணிக்குரியவை

இவ்விடைகளில் குறையில்லை என்று கூறுவதற்கில்லை. முதல் விடையில் பிறன் பெயர் வெளிப்படையாக இல்லை. மீகா 6:8 கற்பிக்கும் நியாயமும் இரக்கமும் நூலின் பிற்பகுதிகளில் கட்டளைகளின் விளக்கத்திலேயே இடம்பெறுகின்றன. முதல் வினாவோடு நிறுத்துகிறவர் அண்டை வீட்டானை மறந்த பக்தியைக் கற்பிக்க நேரிடும்.

எனினும் இம்மூன்று நூல்களினின்று நாம் பெறத்தக்கவை உள. முதலாவது, திடப்படுத்தல் வகுப்பில் விடையை மனனம் செய்விக்குமுன் வினாவை மாணவர் உள்ளத்தில் எழச் செய்தல் வேண்டும். இரண்டாவது, ஆதார வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசித்தல் வேண்டும். 73-ஆம் சங்கீதத்தின் முற்பகுதியை நீக்கினால் அதன் மகிழ்ச்சி மலிவானதாகிவிடும். மூன்றாவது, செயலாற்றுவோர்க்கு மட்டும் பொருந்தும் நோக்கத்தை நற்செய்தி என்று போதித்தலாகாது.

வாழ்வின் நோக்கத்தைத் திருமறையில் தேடுகிறவன் முதலில் காண்பது தன் பணிப்பட்டியலை அன்று. தன்னைப் படைத்து, மீட்டு, கைவிடாது பிடித்திருப்பவரையே. பணிகள் அதன்பின் வரும்; ஒருநாள் அவை நின்றும் போகும். அவை நின்றபின்னும் நிலைத்திருக்கும் விடையையே நாம் நோயாளியின் படுக்கையருகே எடுத்துச் செல்லக் கடமைப்பட்டுள்ளோம்.