செவியினுள் ஒலியளவு: ஒரு வர்க்க வரலாற்றுக் குறிப்பு

ஒலியை அளத்தல், யாருடைய செவியில், யாருடைய தேவைக்காக என்னும் வினாவினின்று பிரிக்கக்கூடியதன்று. 1933ஆம் ஆண்டை நோக்குவோம். சிக்காகோ உலகக் கண்காட்சியில் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தினர் ‘ஒஸ்கார்’ எனும் பொம்மை மனிதனை நிறுத்தினர். அதன் இரு செவிகளருகே அமைந்த ஒலிவாங்கிகள் பெற்ற ஓசையைப் பார்வையாளர் தம் செவிகளிற் பொருத்திய கருவிவழி கேட்டு, திசையறிந்து வியந்தனர்.

அதே ஆண்டில், களுபோவிலவுக்கு அண்மையிலுள்ள வெள்ளவத்தையில் நூற்பு நெசவாலைத் தொழிலாளர் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வாவும், பின்னர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவிய அவர்தம் தோழரும் அவர்கட்குத் துணைநின்றனர். இப்போராட்டம் கூலியின் வரலாறாகவும் இனபேதத்தின் வரலாறாகவும் எழுதப்படுவது முறையே. ஆயின் தறிக்கூடத்து இரைச்சலுக்கும் அவ்வரலாற்றில் ஓரிடம் வேண்டும்.

விசைத்தறியில் நாடா மோதித் திரும்பும் ஓசை ஏறக்குறைய 100 டெசிபெல். எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபெல்லே எல்லையென இன்று பரவலாகக் கொள்ளப்படுகின்றது. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். அக்கணக்கின்படி தறியருகே நிற்கத்தக்கது கால்மணி நேரமே. அறிவியல் இதனை அறியாதிருக்கவில்லை. கிளாஸ்கோவில் கொதிகலன் தொழிலாளரின் செவிட்டுத்தன்மையைத் தோமஸ் பார் 1886இலேயே ஆராய்ந்தார். பிரித்தானியாவில் வெஸ்டனும் அடம்ஸும் நெசவாளர்க்குக் காதடைப்பான் அணிவித்து ஆராய்ந்த அறிக்கை 1932இல் வெளிவந்தது. உற்பத்தி சிறிது உயர்ந்ததாம். அங்கே அளவுகோல் நெய்த துணியே, செவியன்று. டண்டீச் சணல் நெசவாளரின் கேட்டலிழப்பை விரிவாக அளந்த ஆய்வு 1965இல் வந்தது.

செவித்துளை சுமார் இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமான, ஒருபுறம் அடைபட்ட குழாய். ஆதலால் 3,000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலியை அது தானாகவே 10 முதல் 15 டெசிபெல் வரை உயர்த்தும். சுவரருகே நிறுத்திய மானி இதனைக் காட்டாது. மெல்லிய குழாயொன்றைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீற்றர் அருகே செலுத்தி, மறுமுனையில் ஒலிவாங்கியை வைத்து அளத்தல் வேண்டும். இலங்கையின் 1996ஆம் ஆண்டு இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளோ காணியின் எல்லையில் அளக்கின்றன. அயலவர்க்கு அது காப்பு, தறியருகே நிற்பவர்க்கன்று.

1988இல் இசைவாணர்க்கென வந்த காதடைப்பான் செவித்துளையின் இவ்வியல்பைக் கணக்கிற்கொண்டே அமைந்தது. எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ 15 டெசிபெல் சமமாகத் தணித்து, இசையின் குணங் கெடாது விடுவது அது. ஆலைகளில் வழங்கும் நுரையடைப்பானோ உயர்ந்த சுருதிகளையே மிகுதியாக அடைக்கும். அணிந்தவர்க்கு அருகிருப்பவர் பேச்சு மங்கும். அவர் அதைக் கழற்றிவைப்பார். மேற்பார்வையாளர் அதனைத் தொழிலாளியின் அசட்டை என்று குறித்துக்கொள்வார்.