மழைநீரில் மூழ்கிய காருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? தாம்பரம், முடிச்சூர், பள்ளிக்கரணை பகுதிகளில் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து சென்ற வீடியோவை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன் 2015. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதற்குக் காரணம் இந்த அனுபவம்தான்.

மேம்பாலத்தில் இடம் பிடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பாலிசி எந்த வகை?

'தேர்ட் பார்ட்டி' மட்டும் என்றால் வெள்ளத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது இதுதான். இது இல்லாமல் ஓட்டிச் சிக்கினால் முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். ஆனால் இது காப்பாற்றுவது உங்கள் காரால் பாதிக்கப்படும் அடுத்தவரை மட்டுமே. சொந்த காருக்கு வெள்ளம், தீ, திருட்டு, விபத்து எல்லாவற்றுக்கும் பணம் வர 'ஓன் டேமேஜ்' சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வேண்டும்.

புது கார் வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு 3 வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடப்படுகிறது. '3 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கே' என்று இரண்டாவது வருடம் விட்டுவிட்டால், மழைக்காலத்தில் கையில் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி.

தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யலாமா?

கூடவே கூடாது. க்ளைம் நிராகரிக்கப்படுவதற்கு வெள்ள காலத்தில் முக்கியமான காரணமே இதுதான். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்சூரன்ஸ் நிறுவனம் இதை வெள்ள சேதமாகப் பார்ப்பதில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த 'பின்விளைவு சேதம்' என்று கூறிவிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அதற்கு இடமில்லை. 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இருந்தால் மட்டுமே வாய்ப்பு. அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துப் பாருங்க.

முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நம்பர் பிளேட்டும் தண்ணீர் நிற்கும் அளவும் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். சர்வேயர் பார்க்கும் முன் தெரிந்த மெக்கானிக்கை வைத்து எதையும் பிரிக்கக் கூடாது.

எவ்வளவு பணம் வரும்?

பாலிசியில் 'ஐடிவி' என்று ஒரு தொகை இருக்கும். காருக்கு அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடியது அதுதான். கார் பழசாகப் பழசாக இது குறையும். 4 வருடம் தாண்டி 5 வருடத்துக்குள் இருக்கும் காருக்கு 50% கழிவு. அதாவது, 8 லட்ச ரூபாய் காருக்கு ஐடிவி சுமார் 4 லட்சம். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இங்கே 3 லட்சம், 'டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்வார்கள். கார் கடனில் இருந்தால் அந்தப் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

டோட்டல் லாஸ் ஆகாமல் ரிப்பேர் என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், பேட்டரி ஆகியவற்றில் பாதியை உரிமையாளரே போட வேண்டும். 'ஜீரோ டெப்ரிசியேஷன்' ஆட்-ஆன் எடுத்தவர்களுக்கு பெரும்பாலான பாகங்களில் இந்தத் தலைவலி இல்லை.

பிரீமியத்தை எங்கே குறைக்கலாம்?

தேர்ட் பார்ட்டி கட்டணத்தில் பேரம் பேச வழியில்லை, அரசு நிர்ணயித்தது. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு ரூ.3,416, ஜிஎஸ்டி தனி. மிச்சம் பிடிக்க முடிவது ஓன் டேமேஜ் பகுதியில்தான்.

அதில் பெரியது நோ க்ளைம் போனஸ். க்ளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20%, தொடர்ந்து 5 வருடம் என்றால் 50% தள்ளுபடி. ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். 50% போனஸில் ரூ.6,000 கட்டுபவர், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் பம்பரில் விழுந்த கீறலுக்கு ரூ.4,000 க்ளைம் போட்டால், அடுத்த வருடம் முழு ரூ.12,000 கட்ட வேண்டிவரும். சின்ன கீறலைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம். இந்த போனஸ் காருக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது சான்று வாங்கிக்கொண்டால் புது காருக்கு மாற்றலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டிவிட்டால் போனஸ் மொத்தமும் போய்விடும்.

தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் காரை எடுப்பவர்களும் நிறைய. இவர்களுக்கு 'பே ஆஸ் யூ டிரைவ்' பொருந்தும். ஓட்டும் கிலோமீட்டருக்கேற்ப பிரீமியம் குறையும் இந்த வசதிக்கு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. அதற்காக இன்ஜின் புரொடெக்டை வெட்டி காசு மிச்சம் பிடிப்பது மட்டும் இந்த ஏரியாவுக்குச் சரிவராது. ஆட்-ஆன்களைப் பொதுவாக புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும், புயல் சின்னம் உருவான பிறகு கேட்டுப் பயனில்லை.

க்ளைம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தை ஒரு வருடத்துக்குள் அணுகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.