கடல் குடிக்கும் சைலென்ஸர்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு பேரம் பேசுகிறீர்கள். 'டீசல் விக்கிற விலையில இதுக்குக் கீழே கட்டாது சார்' என்கிறார் வியாபாரி. வாஸ்தவம்தான். அந்த டீசல் எரிந்தபிறகு புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? விசைப்படகின் கதையில் பாதி அந்தப் புகைக்குழாய்க்குள்தான் இருக்கிறது.

1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் சுங்குராமாவின் தோட்டத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை! காலப்போக்கில் தறிச் சத்தம் ஓய்ந்தது, சுற்றிலும் இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேட்டையை ஒட்டிய மவுண்ட் ரோடில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி, 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் தயாரிப்பில் இறங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை, பழைய உதிரி பாகங்களின் சொர்க்கம். வடக்கே எண்ணூரில் 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. எல்லாம் தரைக்கான இன்ஜின்கள்.

அதே ஐம்பதுகளில் கடலும் இன்ஜின் கேட்டது. 1953-ல் நார்வேக்காரர்கள் கொல்லம் பக்கத்தில் நீண்டகரைக்கு வந்து விசைப்படகு கற்றுக்கொடுத்தார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனமும் படகு வடிவமைப்பாளர்களை அனுப்பியது. நம் கட்டுமரத்தில் இன்ஜினை உள்ளே வைக்க முடியாது. அதற்கு 'உள்ளே' என்பதே கிடையாதே! ஆகவே புதுப் படகுகள் கட்டினார்கள். அவற்றில் பலவற்றுக்கு லாரி இன்ஜின்தான், கடல் அவதாரம் எடுத்து வந்து சேர்ந்தது.

லாரி இன்ஜினைத் தூக்கிப் படகில் போல்ட் போட்டால் ஆச்சா? ஆகாது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு 400, 500 டிகிரியைத் தொடும். லாரியில் சைலென்ஸர் அடியில் தொங்குகிறது, எதிர்க்காற்று அதைத் தணித்துவிடும். படகிலோ அந்தக் குழாய் மரத்துக்கும் டீசல் டாங்கிக்கும் பக்கத்தில், மூடிய அறைக்குள் கிடக்கிறது. சுற்றிலும் சூடு தாங்கும் கயிறு சுற்றி, கூரை வழியாக மேலே அனுப்புவது ஒரு வழி. எளிமைதான். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். ஓட்டை விழுந்தால் அறைக்குள் விஷப்புகை.

இன்னொரு வழி சாமர்த்தியமானது. இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல் தண்ணீரை, 'எல்போ' என்கிற முழங்கைக் குழாயில் புகையோடு கலந்துவிடுவது. சூடு சட்டென்று இறங்கும், அதற்கப்புறம் ரப்பர் ஹோஸே போதும். சத்தமும் அடங்கும். வில்லங்கமும் அந்த எல்போவில்தான். உப்பு, சூடு, போதாக்குறைக்கு டீசலின் கந்தகம் உண்டாக்கும் அமிலம். வார்ப்பிரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். வெளியே பெயின்ட் பளபளக்கும்! பி.காம். படித்தவனுக்கு இது தேய்மானக் கணக்கு. என்ன, இந்தச் சொத்து திடீரென்று பூஜ்யமாகிவிடும்.

அரித்த எல்போ வழியே தண்ணீர் பின்னால் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கினால் இன்ஜின் காலி. எல்போ நன்றாக இருந்தாலும், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் இதே கதிதான். பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித்தள்ளப் புகை இருக்காது. இதெல்லாம் ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே நடந்தால்? 1974-ல் வரைபடத்தில் போட்ட எல்லைக்கோடு நீரோட்டத்துக்குத் தெரியாது. இன்ஜின் பழுதாகி அந்தப் பக்கம் ஒதுங்கிய படகுகளும், கைதான மீனவர்களும் உண்டு.

அதனால்தான் பழையதைக் கழற்றும்போது அதே மாதிரி இன்னொன்றை மாட்டாமல், விவரம் தெரிந்தவர்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறுகிறார்கள். அதிலும் 316 ரகம். எல்போவை நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்த்தி வைக்கிறார்கள். தண்ணீர் பின்வாங்காமல் பிடித்துவைக்க நடுவில் ஒரு பெட்டி. 316-க்கும் உப்பு குழி பறிக்கும், கொஞ்சம் தாமதமாக.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நம் டீசலில் 1 சதவிகிதம் வரை கந்தகத்துக்கு அனுமதி இருந்தது. 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது அது பத்து லட்சத்தில் 10 பங்காகச் சுருங்கியது. அமிலத் தொல்லை குறைந்தது. உப்புக்கு எந்தச் சட்டமும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்கள், காசிமேட்டில் படகுகள் ஓய்வெடுக்கும்போதுதான் குழாய்களைக் கழற்றிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் எல்போவைத் தட்டிப் பார்க்கிறார் மெக்கானிக். 'ணங்' என்றால் இன்னொரு சீசன். 'தொப்' என்றால் புதுசு.