மாதிரி நீராவி எஞ்சினுக்கு வரிச்சீர் உறை

குழாய்களும் குவிமாடங்களும் வெளியே தெரியும் மாதிரி நீராவி எஞ்சின் ஒன்றின் மேல் வழவழப்பான உறை பொருத்தி, அதை 1930களின் விரைவு எஞ்சின் தோற்றத்துக்குக் கொண்டுவரும் கைவேலை வரிச்சீர் உறையிடல் எனப்படும். பேச்சில் ‘ஸ்ட்ரீம்லைன் பண்ணுவது’. அடிச்சட்டம், சக்கரங்கள், மோட்டார் எல்லாம் பழையவையே; மாறுவது மேல்தோல் மட்டும். ஆயத்த உறையைக் கடையில் வாங்கி மாட்டுவதை இந்த வகையில் சேர்ப்பதில்லை.

முன்வரலாறு

காற்றை எதிர்த்து ஓடும் ரயிலுக்குக் கூர்மூக்கு வேண்டும் என்ற எண்ணம் 1930களில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் சாமுவேல் கால்த்ராப் என்ற மதபோதகர் 1865-இல், முன்னும் பின்னும் குறுகிய ரயில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் பாரிஸ்–லியோன்–மத்தியதரை ரயில்வே, ரோன் பள்ளத்தாக்கில் வீசும் மிஸ்ட்ரால் காற்றைச் சமாளிக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் எஞ்சின்களுக்கு ஆப்பு போன்ற முகப்பு வைத்தது. புகைபோக்கிக்கும் குவிமாடத்துக்கும்கூடக் கூரிய முன்விளிம்பு இருந்தது. பவேரியாவில் மாஃபெய் ஆலை 1906-இல் கட்டிய எஸ் 2/6 எஞ்சின் கூம்பு வடிவப் புகைப்பெட்டிக் கதவுடன் 1907-இல் மணிக்கு 154.5 கிலோமீட்டர் ஓடியது. அது இன்றும் நியூரம்பெர்க்கில் நிற்கிறது. உறை என்று சொல்லத்தக்க எதுவும் இந்த எஞ்சின்களில் இல்லை. ஆங்காங்கே கூர்தீட்டியதோடு சரி. மாதிரி செய்பவருக்கு இவையே எளிய தொடக்கம். கூம்பு ஒன்றைக் கடைசலில் பிடித்துச் சீவினால் பாதி வேலை முடிந்துவிடும்.

பிளாஸ்டிசின் களிமண்

முழு அளவு எஞ்சின்களுக்கே உறை பிறந்தது பல வேளைகளில் மாதிரியின் மேல்தான். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர் சார்லஸ் காலெட், தம் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் வைத்திருந்த ‘கிங்’ வகை எஞ்சின் மாதிரியில் பிளாஸ்டிசினை அப்பிக் கொடுத்து, ‘இதுதான் வடிவம்’ என்று வரைபட அறைக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள். அதன்படி 1935-இல் ‘கிங் ஹென்றி VII’ (6014), ‘மேனோர்பியர் காசில்’ (5005) ஆகிய இரண்டும் மாற்றப்பட்டன. புகைப்பெட்டிக் கதவில் ஒரு அரைக்கோளம், புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு திமில், ஆப்பு முகப்புள்ள ஓட்டுநர் அறை. விளைவு அழகாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. உறைகள் விரைவிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. 6014-இன் ஆப்பு வடிவ அறை மட்டும் கடைசிவரை நிலைத்தது. எனவே இந்த எஞ்சினை மாதிரியாக்குபவர் எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யாவிட்டால் எதுவும் சரியாக வராது.

லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஏ4 வகைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. காற்றுச் சுரங்கச் சோதனையில் புகை மேலெழாமல் ஓட்டுநர் கண்ணை மறைத்தது. களிமண் மாதிரியில் புகைபோக்கிக்குப் பின்னே யாரோ அறியாமல் பதித்த கட்டைவிரல் தடம், அந்தப் புகையைத் தூக்கிவிட்டது என்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்ரோட்டின் கே4எஸ் 3768-க்கு வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி 1936-இல் தந்த ‘டார்பிடோ’ வடிவமும் களிமண் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துத் தேர்ந்ததே.

5344 என்ற எண்

வரிச்சீர் உறையிட்ட முதல் அமெரிக்க நீராவி எஞ்சின் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ‘கமோடோர் வாண்டர்பில்ட்’. ஜே-1இ வகை ஹட்சன் எஞ்சின் 5344-இன் மேல், கார்ல் கான்டோலா வரைந்த உறையை 1934 டிசம்பரில் பொருத்தினார்கள். தொட்டியைக் கவிழ்த்தது போன்ற உருவம். மாதிரி உலகில் இந்த எண்ணுக்கு ஒரு வேடிக்கை உண்டு. லயனல் நிறுவனம் 1935-லேயே கமோடோரைப் பொம்மையாக விற்றது. 1937-இல் 1:48 அளவில் அது வெளியிட்ட புகழ்பெற்ற 700இ ஹட்சனுக்கும் 5344 என்றே எண் போட்டது. ஆனால் அந்த 700இ உறையற்றது. உண்மை எஞ்சின் தண்டவாளத்தில் உறையோடு ஓடிக்கொண்டிருக்க, அதன் எண்ணைத் தாங்கிய மாதிரி வரவேற்பறைகளில் குழாய்கள் தெரிய ஓடியது. ஹட்சனை ஸ்ட்ரீம்லைன் பண்ணும் ஆசை பலருக்கு வந்ததில் வியப்பில்லை.

அடுத்து 1938-இல் ‘இருபதாம் நூற்றாண்டு லிமிடெட்’ வண்டிக்காக ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த பத்து ஹட்சன்கள் (5445 முதல் 5454 வரை) வந்தன. தலைக்கவசமும் அதன் நடுவே உயர்ந்த முகடும் போன்ற முகப்பு, கீழே மறைக்காமல் விட்ட சக்கரங்கள். உறை மட்டும் இங்கே போதாது: ஆரக்கால் சக்கரங்களை எடுத்துவிட்டுத் தட்டுச் சக்கரங்களைப் போட வேண்டும்.

வகைகள்

மறைப்பின் அளவைக் கொண்டு மூன்று வகை சொல்லலாம். முகப்பு மட்டும் மாறுவது முதல் வகை. காலெட்டின் இரு எஞ்சின்கள் இதில் சேரும். இந்திய ரயில்வேயின் டபிள்யூபி எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குண்டுமூக்கு உடனே நினைவுக்கு வரும், அது 1947-இல் பிறக்கும்போதே அப்படி என்றாலும். கொதிகலனை மூடிச் சக்கரங்களைத் திறந்து விடுவது இரண்டாம் வகை. சக்கரங்களையும் பாவாடை போல மூடுவது மூன்றாவது. 1936-இல் மணிக்கு 200.4 கிலோமீட்டர் எட்டிய ஜெர்மனியின் 05 002 இந்த மூன்றாம் வகையின் உச்சம். மாதிரியில் காற்றுத் தடையைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. உண்மை ரயில்கள் பலவற்றிலும் உறையின் முதல் வேலை விளம்பரம்தான்.

செய்முறை

முதலில் பழைய உடலின் கைப்பிடிகள், குழாய்கள், குவிமாடங்களை ரம்பத்தாலும் அரத்தாலும் நீக்க வேண்டும். பிறகு பக்கவாட்டுப் படத்தை அளவுக்குச் சுருக்கி, இடையிடையே குறுக்கு வெட்டு அட்டைகள் வெட்டி, அவற்றின் மேல் தோலைப் போர்த்துவார்கள். தோலுக்கு 0.25 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு அல்லது 0.5 மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாள். பித்தளையை மங்கிய சிவப்பு வரை சூடாக்கி ஆறவிட்டால் மரக்கட்டை அச்சின் மேல் எளிதில் வளையும். ஸ்டைரீனை உருளைக் கம்பில் சுற்றிக் கட்டி வெந்நீரில் இறக்கினால் போதும். இரு திசையிலும் வளையும் மூக்கு மட்டும் தகட்டுக்கு அடங்காது. அதைப் பால்சா மரத்திலோ எபாக்சி பட்டியிலோ கட்டியாகச் செய்து இழைப்பதே வழி.

ஹெச்ஓ அளவு 1:87. அதில் 0.25 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 22 மில்லிமீட்டர் தடிமன். அத்தனை கனத்தில் யாரும் எஞ்சினுக்கு உறை போட்டதில்லை. ஆகையால் கண்ணில் படும் கீழ்விளிம்புகளை மட்டும் உட்புறமாகச் சாய்த்து அராவுவார்கள். தகடு மெல்லியது போலத் தோன்றும்.

எல்லாரும் இடறும் இடம் பாவாடை. வீட்டு மேசை ரயிலில் 18 அங்குல ஆரமுள்ள வளைவு சாதாரணம். நிஜ அளவில் அது சுமார் 40 மீட்டர். விரைவு எஞ்சின் ஒருநாளும் கால் வைக்காத வளைவு அது. முன் சிறுசக்கரங்களும் பின் சக்கர வண்டியும் அங்கே பக்கவாட்டில் விலகும். மூடிய பாவாடை அவற்றைத் தடுத்துத் தண்டவாளத்தை விட்டு இறக்கிவிடும். பாவாடையைச் சற்று அகலமாக வைக்கலாம், உட்புறம் தேய்க்கலாம், அல்லது போர்க்கால ஏ4 போலப் பாவாடையே இல்லாமல் விடலாம். பராமரிப்புக்காக அப்போது உண்மையிலேயே அதைக் கழற்றினார்கள் என்பதால் கடைசி வழிக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு.

உலோக உறைக்கு மின்சிக்கலும் சேரும். பல பித்தளை மாதிரிகளில் எஞ்சின் ஒரு தண்டவாளத்திலிருந்தும் டெண்டர் மறு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும். நீட்டிய கூரை டெண்டரை வளைவில் உரசினால் குறுக்குச்சுற்றாகிவிடும். மூக்கில் பட்டி அதிகமானால் பாரம் முன்னே சாய்ந்து இயக்கு சக்கரங்கள் வழுக்கும்; ஓட்டுநர் அறைக்குள் ஈயம் வைத்து ஈடுசெய்வார்கள். பளபளப்பான பூச்சு சிறு பள்ளத்தையும் காட்டிக்கொடுப்பதால் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிதாக அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடியும் அடிப்பது நடைமுறை.

உண்மையிலேயே நீராவியில் ஓடும் மாதிரிகளில் உறை கழற்றக் கூடியதாக இருப்பது கட்டாயம். பாதுகாப்பு வால்வு, நீர் நிரப்பும் வாய், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் கைக்கெட்ட வேண்டும். எரிப்பானுக்குக் காற்றும் போக வேண்டும்.

தலைகீழ் மாற்றம்

உறையைக் கழற்றுவதும் இந்தக் கலையில் அடங்கும். இங்கிலாந்தின் ‘கொரனேஷன்’ வகை எஞ்சின்களின் உறைகள் 1946 முதல் 1949 வரை நீக்கப்பட்டபோது, புகைப்பெட்டியின் மேற்புறம் சரிந்தே நின்றது. மாதிரியில் இதை மறந்து உருண்டையாக விட்டுவிடுவது வழக்கமான பிழை. அவற்றுள் ‘டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்’ (6229) மீண்டும் உறையிடப்பட்டு 2009-இல் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

இன்றைய நிலை

முப்பரிமாண அச்சில் உறைகள் தயாராகின்றன.