சிறகில் உறைந்த பனி

தமிழில் ‘பனி’ என்றதும் எம்மவர் மனதில் முதலில் தோன்றுவது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று இரண்டை எம் முன்னோர் பனிக்கே ஒதுக்கினார்கள். எனினும் அவர்கள் கண்டது நனைக்கும் பனி. கல்லாய் இறுகும் பனியன்று. வானிலிருந்து விழும் கட்டிக்கு ஆலி, ஆலங்கட்டி என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். நுவரெலியாவில் தை, மாசி விடியல்கள் சிலவற்றில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியைத் தவிர, எமது நாட்டில் இந்த இரண்டாவது பனியோடு எவருக்கும் பழக்கமில்லை. ஆகவே, பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மீது பனி படிந்து அதைக் கீழே வீழ்த்திவிடும் என்று வகுப்பில் சொன்னபோது, மாணவர்கள் என்னை ஐயத்தோடு பார்த்தார்கள். பனி கல்லைப் போல் வந்து மோதுமோ என்று ஒருவன் கேட்டான்.

மோதுவதில்லை, வளர்கிறது. நீர் பூச்சியம் பாகையில் உறையும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மேகத்திலுள்ள நுண்ணிய துளி அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை, சில வேளை இருபது பாகை குளிர்ந்த பின்னரும் அது நீராகவே மிதந்துகொண்டிருக்கும். உறைமோர் விடும்வரை பால் பாலாகவே இருப்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அந்தத் துளிகளுக்கு உறைமோராய் வந்து சேர்வது விமானத்தின் சிறகு. தொட்ட கணமே துளி உறைந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த துளி அதன்மேல் ஒட்டும். மெல்லிய பொருள்களே முதலில் பனியைப் பிடிக்கும்: கம்பி, தாங்குதடி, வேகம் காட்டும் கருவியின் குழாய், பின்னர் வால், அதன் பின்னர் சிறகு. விமானி தன் சிறகைப் பார்த்து ‘இன்னும் அதிகமில்லை’ என்று ஆறுதல் அடையும் வேளையில், அவர் கண்ணுக்குத் தெரியாத வாலில் அதைவிடத் தடிப்பாகப் படிந்திருக்கும்.

பாரம் ஏறி விமானம் விழுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பாரம் இரண்டாவது குற்றவாளிதான். சிறகு என்பது காற்றை வளைத்து அனுப்புவதற்கென்று செதுக்கிய வடிவம். அந்த வடிவம் கெட்டால் காற்று சிறகைத் தாங்காது. சொரசொரப்பான உப்புத்தாள் அளவு பனி படிந்தாலே சிறகின் தூக்கும் விசை நூற்றுக்கு முப்பது பங்கு குறையவும், பின்னிழுக்கும் விசை நூற்றுக்கு நாற்பது பங்குவரை கூடவும் கூடும் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தப் பனியிலிருந்து மனிதன் தப்பிய வரலாற்றில் என்னைக் கவர்ந்தவை இரண்டு பயணங்கள். இரண்டையும் பயணம் செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதே காரணம். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பது தமிழ் படித்தவனின் தொழில்வழிப் பழக்கம். அதை இங்கேயும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, 1919 ஜூன் 14ஆம் திகதி நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்ட ஜோன் அல்கொக், ஆதர் விட்டன் பிரவுண் என்ற இரு பிரித்தானியரின் பயணம். எங்கும் தரிக்காமல் அத்திலாந்திக்கை விமானத்தில் கடந்த முதல் மனிதர்கள் இவர்கள். அல்கொக் ஓட்டினார், பிரவுண் வழி கணித்தார். பதினாறு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,900 மைல். விமானத்தின் பெயர் விக்கர்ஸ் விமி. இரண்டு எஞ்சின்கள், மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு, கூரையில்லாத இருக்கை. மழையும் பனியும் நேரே முகத்தில் அடிக்கும்.

இந்தப் பயணத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் ஒரு காட்சியை வருணிக்கின்றன. எஞ்சின்களைப் பனி அடைத்துவிட, பிரவுண் கையில் கத்தியுடன் சிறகின்மேல் ஊர்ந்து சென்று பனியைச் செதுக்கி எறிந்தாராம். ஒரு பக்கம் முடிய மறு பக்கம். எத்தனை தடவை என்பது நூலுக்கு நூல் மாறும். வீரக்கதை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் பிரவுண் தாமே 1920இல் தமது பயணம் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் இந்தக் காட்சி இல்லை. இருப்பது வேறொன்று. பெற்றோல் ஓட்டத்தைக் காட்டும் ஒரு கண்ணாடி, இருக்கைக்கு வெளியே ஒரு தாங்குதடியில் பொருத்தப்பட்டிருந்தது. பனி அதை மூடியது. அவர் இருக்கையை விட்டு எழுந்து, விமான உடலின்மேல் முழந்தாளிட்டு, விழுந்துவிடாதபடி தடியைப் பற்றிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பனி பொழிந்த நேரம் முழுவதும் அடிக்கடி அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவுதான். சிறகில் நடக்கவில்லை; எஞ்சினைச் செதுக்கவில்லை. அவர் 1915இல் போரில் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கால் ஊனமானவர் என்பதையும், மணிக்கு 90 மைலுக்குக் குறையாத காற்று எதிரே வீசியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் செய்ததாகச் சொன்னதே எனக்குப் போதுமான வீரமாகப் படுகிறது. கதையைப் பெருக்கியவர்களுக்கு அது போதவில்லை.

அவர்களை உண்மையில் காப்பாற்றியது எது? சிறகின் பின்விளிம்பில் விமானத்தைச் சரித்துத் திருப்பும் தட்டுகள் உண்டு. பனி அவற்றின் கீல்களை இறுக்கிவிட்டது. அல்கொக் செய்த வேலை மிகச் சாதாரணமானது: இறங்கினார். பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து கடலை நோக்கித் தாழ்ந்து வந்தார். கீழே காற்று வெப்பமாக இருந்தது. பனி இளகியது, தட்டுகள் மீண்டும் அசைந்தன. சிறிது நேரத்தில் அயர்லாந்தின் கரை தெரிந்தது. கத்தியும் தேவைப்படவில்லை. கதை சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான். உயரத்தைக் குறைத்த மனிதனுக்குச் சிலை வடிப்பது கடினம் போலும்.

இரண்டாவது பயணம் எட்டு ஆண்டுகள் கழித்து, ஒற்றை மனிதன், ஒற்றை எஞ்சின். 1927 மே 20ஆம் திகதி காலை நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட சாள்ஸ் லிண்ட்பேர்க்குக்கு வயது இருபத்தைந்து. சென்ட் லூயிஸ் நகரத்து வணிகர்கள் சிலரின் பணத்தில் கட்டிய சிறு தனியார் விமானம் அது. பாரத்தைக் குறைப்பதற்காக வானொலிக் கருவியையும் பரசூட்டையும் அவர் விட்டுச் சென்றார். அவருடைய பிற்கால அரசியலில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆயினும் அன்றிரவு அவர் எடுத்த முடிவு படிக்கத் தக்கது.

முதல் இரவில், ஏறத்தாழ பத்தாயிரம் அடி உயரத்தில், மலைபோல் எழுந்து நின்ற மேகம் ஒன்றினுள் அவர் நுழைந்தார். குளிர் கூடியதை உணர்ந்ததும் கையுறையைக் கழற்றி, யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கையில் ஊசி குத்துவது போல் இருந்தது. ரோச் விளக்கைத் தாங்குதடியின் மீது பாய்ச்சினார். பனி.

முன்னே செல்லலாமா? மேகம் எவ்வளவு தூரம் என்று தெரியாது. திரும்பலாமா? கருவிகளை மட்டும் நம்பி இருட்டில் திரும்ப வேண்டும். பனி அந்தக் கருவிகளையே பொய் சொல்ல வைக்கும். கூர்மையாகத் திரும்பினால், வடிவு கெட்ட சிறகு தாங்காமல் விமானம் சுழன்று விழலாம். அவர் மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பி, வந்த வழியே வெளியேறினார். நட்சத்திரங்கள் தெரிந்தன. பிறகு மேகங்களின் ஊடே போகாமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார். பாரிஸ் தெற்கிலும் இல்லை, வடக்கிலும் இல்லை. ஆனால் அன்றிரவு நேர்வழி என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை. முப்பத்து மூன்றரை மணி நேரத்தின் முடிவில் இறங்கினார்.

இதில் என்னை நிறுத்திய செய்தி இன்னொன்று. அதே ஆண்டில் அவசரமாக வெளிவந்த அவருடைய முதல் நூலில் இந்தப் பனி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பனி படிந்தது, திரும்பினேன், மேகங்களைச் சுற்றிப் போனேன் என்ற அளவில் ஓர் அறிக்கை. 1953இல், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, அவர் எழுதிய பெரிய நூலில் அதே நிமிடங்கள் பக்கங்களாக விரிகின்றன. அந்த நூலுக்கு 1954இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிரவுணின் கதை பிறர் வாயில் பெருத்தது. லிண்ட்பேர்க்கின் கதை அவர் கையாலேயே விரிந்தது. ஆனால் முதல் நூலில் நடந்ததுதான் இரண்டாவதிலும் நடக்கிறது. புதிதாய் எவரும் சிறகின்மேல் ஏறவில்லை. கூடியிருப்பது அச்சமும் தயக்கமும் மட்டுமே. அதை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தடையில்லை.

அதன் பின்னர் ஆய்வாளர்கள் வந்தார்கள். இன்று நாசா என்று நாம் அறியும் நிறுவனத்தின் முன்னோடியான அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழுவில், தோமஸ் கரோல், வில்லியம் மக்கவோய் என்ற இருவர் மற்றவர் விலகி ஓடும் மேகங்களைத் தேடிப் பறந்து, 1929இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். பாரத்தைவிட வடிவக் கேடே ஆபத்து என்பது அவர்களுடைய பெரிய முடிவுகளில் ஒன்று. அதே காலத்தில், குட்றிச் றப்பர் கொம்பனியில் வேலை செய்து ஓய்வுபெற்ற வில்லியம் கியர் என்ற இரசாயனவியலாளர் எண்ணெய்களைப் பூசிப் பார்த்துத் திருப்தியடையாமல், சிறகின் முன்விளிம்பில் றப்பர் உறை ஒன்றைப் போர்த்தினார். உறைக்குள் காற்றுக் குழாய்கள். காற்றை ஏற்றினால் உறை உப்பும். மேலே படிந்த பனி வெடித்து உதிரும். 1930இல் ஒரு தபால் விமானத்தில் இது பறந்து பார்க்கப்பட்டது. எஞ்சின் புகையின் வெப்பத்தைச் சிறகுக்குள் செலுத்தும் முறைக்காக லூயிஸ் றொடேர்ட் என்பவருக்கு 1946ஆம் ஆண்டின் கொலியர் விருது கிடைத்தது. கிளீவ்லாந்து நகரில் 1944இல் கட்டிய பனிக்காற்றுச் சுரங்கம் இன்றும் இயங்குகிறது.

இத்தனை இருந்தும், 1994 ஒக்டோபர் 31ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பயணிகள் விமானம் பனியால் வயலில் வீழ்ந்து, ஏறியிருந்த 68 பேரும் இறந்தார்கள். அதில் றப்பர் உறை இருந்தது. ஆனால் அன்றைய துளிகள் வழமையைவிடப் பெரியவை. உறைக்கு அப்பால் வழிந்து சென்று, எந்தக் கருவியும் எட்டாத இடத்தில் உறைந்தன.

ஒருவரோ நால்வரோ செல்லும் சிறு தனியார் விமானங்கள் பெரும்பாலானவற்றில் அந்த உறையும் இல்லை. பனியுள்ள மேகத்தில் பறக்க அவற்றுக்கு அனுமதியும் இல்லை. எனவே அவற்றை ஓட்டுபவர்களுக்குச் சொல்லப்படுவது அல்கொக்கும் லிண்ட்பேர்க்கும் செய்ததையே: இறங்கு, அல்லது திரும்பு. ஏறுவதும் ஒரு வழி. விழும் மழை விமானத்தில் பட்டவுடன் உறையுமானால், அது மேலேயுள்ள வெப்பக் காற்றிலிருந்துதான் விழுகிறது. சில ஆயிரம் அடி ஏறினால் பனி இளகலாம். ஆனால் பனி சுமந்த சிறு விமானத்துக்கு ஏறும் வலு விரைவில் போய்விடும். முதல் ஐந்து நிமிடத்தில் திறந்திருக்கும் கதவு பதினைந்தாவது நிமிடத்தில் மூடியிருக்கும்.

எங்கள் போன்ற வெப்ப நாட்டாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் முடிக்க இயலாது. பழைய பாணிச் சிறு எஞ்சின்களில் பெற்றோலும் காற்றும் கார்புரேற்றரில் கலக்கும்போது, அந்தக் குறுகிய குழாயின் உள்ளே வெப்பம் முப்பது பாகைக்கு மேலும் இறங்கக்கூடும். வெளியே வியர்த்துக் கொட்டும் ஈரப்பதமான நாளிலும், உள்ளே பனி கட்டும். மேகமே இல்லாத வானில் எஞ்சின் மூச்சுத் திணறும். இதற்கென்றே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு பிடி விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதை இழுத்தவுடன் உருகிய நீர் எஞ்சினுக்குள் போவதால், முன்பைவிட அது மோசமாகக் குலுங்கும். பயிற்சி குறைந்தவர் பயந்து பிடியை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவார். பழகியவர் கையை எடுக்காமல் காத்திருப்பார். சற்று நேரத்தில் எஞ்சின் பழைய சத்தத்துக்குத் திரும்பும்.